தோலோடு போய்விடும் என்று நம்பாதீர்கள்

போன வாரம் ஜெலுத்தோங்கில் ஒரு பையன் விரலைக் காட்டினான். நுனியில் மிளகு அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி. "சின்னக் காயந்தான் அண்ணே" என்றான். அழுத்தினால் உணர்ச்சியே இல்லை. டெஸ்லா காயில் (அதிக அதிர்வெண்ணில் உயர் வோல்ட் எழுப்பிக் காற்றில் பொறி பறக்கவிடும் கருவி) செய்து கையைச் சுட்டுக்கொண்டு இந்த ஆண்டில் என்னிடம் வந்த மூன்றாவது பிள்ளை இவன்.

மூவரும் சொன்னது ஒன்றேதான்: அதிக அதிர்வெண் கரண்ட் தோலோடு ஓடிவிடும், உள்ளே போகாது.

தம்பிகளே, அது செம்புக்கு உண்மை. 200 கிலோஹெர்ட்ஸில் செம்பின் மேற்பரப்பில் சுமார் 0.15 மில்லிமீட்டர் ஆழத்துக்குள் கரண்ட் ஒடுங்கிவிடும். அதனால்தான் காயிலின் முதன்மைச் சுருளுக்கு (கரண்ட் முதலில் பாயும் சுருள்) உள்ளே வெறுமையான செம்புக் குழாயே போதும். உங்கள் கை செம்பா? தசை, செம்பைவிடப் பல கோடி மடங்கு மோசமான கடத்தி. அதே அதிர்வெண்ணில் அதற்குள் அந்த ஆழம் ஒரு மீட்டரையும் தாண்டும். உடம்பின் தடிமன் அவ்வளவு இல்லை, ஆகவே கரண்ட் உள்ளே முழுக்கப் பாய்கிறது. அவ்வளவு வேகமான ஊசலுக்கு நரம்பு ஈடுகொடுக்காததால் ஷாக் மட்டும் தெரிவதில்லை. வலியில்லாமலே சதை வெந்துபோகிறது. அறுவை சிகிச்சையில் சதையை வெட்டுவதற்கும் ரத்தத்தை நிறுத்துவதற்கும் சில நூறு கிலோஹெர்ட்ஸ் கரண்டைத்தானே பயன்படுத்துகிறார்கள்!

இன்னும் வோல்ட் வேண்டுமென்று முதன்மைச் சுருளையும் பொறி எழுப்பும் இரண்டாம் சுருளையும் நெருக்கி வைக்கிறீர்கள். டெஸ்லா காயில் போல இரும்பு இல்லாத, ஒத்ததிர்வில் (இரண்டு பக்கமும் ஒரே அதிர்வெண்ணில் ஊசலாடுவது) ஓடும் டிரான்ஸ்பார்மரில் சுற்று எண்ணிக்கையோ நெருக்கமோ உச்சத்தைத் தீர்மானிப்பதில்லை. இரண்டு பக்கக் கபாசிட்டன்ஸ்களின் (மின்னூட்டத்தைத் தேக்கும் திறன்) விகிதத்துக்கு வர்க்கமூலம் எடுங்கள், அதற்கு மேல் பெருக்கம் கிடையாது. நெருக்கினால் பொறி கீழே இறங்கி முதன்மைச் சுருளில் பாயும். நம் பினாங்குக் காற்றின் ஈரத்தில் இரண்டாம் சுருளைச் சுற்றிய பிவிசி குழாயின் மேலேயே ஊர்ந்து போகும். அந்த வழியில் 50 ஹெர்ட்ஸ் வீட்டுக் கரண்டும் சேர்ந்து வந்தால் இதயம் தாங்காது. குழாயை நன்றாகக் காயவைத்து, வார்னிஷ் பூசிவிட்டுச் சுற்றுங்கள்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கபாசிட்டரை (மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் பாகம்) தொடாதீர்கள். 0.1 மைக்ரோஃபாரட், 20 கிலோவோல்ட் என்றால் 20 ஜூல் உட்கார்ந்திருக்கிறது. ஷார்ட் செய்து எடுத்துவிட்டாலும் கொஞ்ச நேரத்தில் வோல்ட் தானாக ஏறும், இரண்டு முனையையும் இணைக்கும் கிளிப்பை மாட்டியே வையுங்கள். தேங்கியதை மெல்ல வடியவிடும் பிளீடர் ரெசிஸ்டர் கட்டாயம். ஒரு கை பின்னால் இருக்கட்டும். தனியாக இருக்கும்போது சுவிட்ச் போடவே கூடாது. பொறி பட்டால், புள்ளி எவ்வளவு சிறியதானாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

காயிலுக்குக் கரண்ட் கொடுக்கப் பழைய மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்பார்மரை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். சுமார் 2000 வோல்ட், ஆளைக் கொல்வதற்குத் தேவையானதைவிடப் பல மடங்கு கரண்ட். ஏற்கெனவே கழற்றி வைத்திருந்தால் சனிக்கிழமை என் பட்டறைக்குக் கொண்டு வாருங்கள். வேறு சப்ளை நானே கட்டித் தருகிறேன், காசு வேண்டாம்.