கரு தங்காததற்குக் கொரோனா தடுப்பூசியா காரணம்?

மூன்றாவது முறையும் கரு கலைந்து என்னிடம் வந்த ஒரு பெண், ஸ்கேன் தாள்களைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தவர், கணவர் அறையைவிட்டு வெளியே போகும்வரை காத்திருந்து, "அன்னைக்குப் போட்டுக்கிட்ட கொரோனா ஊசியாலதானா டாக்டர்?" என்று கேட்டார். 2021 ஆகஸ்டில், இரண்டு மாதக் கர்ப்பமாக இருந்தபோது கோவிஷீல்டு முதல் தவணை போட்டுக்கொண்டிருக்கிறார்; பத்தாம் நாள் உதிரப்போக்கு தொடங்கி, கரு தங்கவில்லை. "ஊசி கர்ப்பப்பையைக் கெடுத்துவிட்டது" என்று வீட்டில் முடிவாகிவிட்டதால், இரண்டாம் முறை கலைந்தபோதும் வேறு காரணத்தை யாரும் தேடவில்லை. இதே கேள்வியைப் பல பெண்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கேட்காமல் மனத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரும்பிப் போனவர்கள் அதைவிட அதிகம் என்றே நினைக்கிறேன்.

தடுப்பூசியால் அல்ல என்பதுதான் அவருக்கு நான் சொன்ன பதில். அந்தப் பதிலை என் சொல்லுக்காக மட்டும் அவர் நம்ப வேண்டியதில்லை என்பதால், காரணங்களை விரிவாகவே எழுதுகிறேன்.

உறுதி செய்யப்பட்ட நூறு கர்ப்பங்களில் பத்து முதல் பதினைந்து வரை கருச்சிதைவில் முடிவது, கொரோனா வருவதற்கு முன்பும் இருந்த நிலைதான். அவற்றில் பெரும்பாலானவை முதல் மூன்று மாதங்களுக்குள் நிகழ்கின்றன. அப்படிக் கலையும் கருக்களில் ஏறத்தாழ பாதியிலோ அதற்கு மேலோ குரோமோசோம் கோளாறு இருக்கும். லட்சக்கணக்கான கர்ப்பிணிகள் ஊசி போட்டுக்கொள்ளும்போது, அந்த வாரத்திலேயே சிலருக்கு உதிரம் படத்தான் செய்யும். ஊசிதான் காரணமா என்பதை அறிய ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 1,05,446 கர்ப்பங்களை எடுத்துக்கொண்டு அப்படிப் பார்த்தார்கள். கரு கலைந்த பெண்கள் அதற்கு முந்தைய 28 நாட்களுக்குள் தடுப்பூசி போட்டிருந்த வாய்ப்பு, அதே காலகட்டத்தில் கர்ப்பம் தொடர்ந்த பெண்களுக்கு இருந்ததைவிட அதிகமாக இல்லை.

பிறகு எங்கிருந்து வந்தது இந்தப் பயம்? "முதல் ஐந்து மாதங்களில் ஊசி போட்டவர்களில் 82 சதவீதம் பேருக்கு அபார்ஷன்" என்ற செய்தி 2021இல் கைபேசிகளில் சுற்றியது. அதற்கு அடிப்படை, நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த ஓர் அமெரிக்க ஆய்வுக் கட்டுரை. அதில் பதிவு செய்துகொண்ட கர்ப்பிணிகள் 3,958 பேர். தடுப்பூசித் திட்டம் தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்ததால், 827 பேரின் கர்ப்பம் மட்டுமே அதற்குள் முடிந்திருந்தது. அவற்றில் கருச்சிதைவு 104. அந்த 827 பேரில் 700 பேர் கடைசி மூன்று மாதங்களில் ஊசி போட்டவர்கள். யாரோ 827இலிருந்து 700ஐக் கழித்து, மீதி 127ஆல் 104ஐ வகுத்து, 82 சதவீதம் என்று எழுதிவிட்டார்கள்.

கணக்கில் பிழையில்லை, ஆனால் வகுத்த எண்ணே தவறு. எட்டாம் வாரத்தில் ஊசி போட்டு நலமாக இருக்கும் பெண்ணுக்குப் பிரசவமாக இன்னும் ஏழு மாதங்கள் இருப்பதால், அவர் 827க்குள் வரவே முடியாது; கரு கலைந்தவர் மட்டுமே அதற்குள் வருவார். கரு உருவான சமயத்திலும் முதல் மூன்று மாதங்களிலும் ஊசி போட்டுக்கொண்டு பதிவு செய்தவர்களோ 1,200க்கும் மேல். நாற்று நட்ட இருபதாம் நாள் வயலுக்குப் போய், பட்டுப்போன பயிரை மட்டும் எண்ணிவிட்டு, விளைச்சலே இல்லை என்று எழுதுவதைப் போன்றது இது. மூலக் கட்டுரையிலும் கருச்சிதைவு விகிதத்துக்கான வகுஎண் பொருத்தமாக இல்லாததால், அந்த இதழ் பின்னர் அதைத் திருத்தியது. பின்பு 2,456 பெண்களை முறையாகத் தொடர்ந்து பார்த்தபோது, பெண்களின் வயது வேறுபாட்டையும் கணக்கில் கொண்ட கருச்சிதைவு விகிதம் 12.8 சதவீதம், அதாவது வழக்கமான அளவே.

இந்த அமெரிக்க ஆய்வுகளில் பார்க்கப்பட்டவை ஃபைசர், மாடர்னா ஊசிகள். நம் பெண்கள் போட்டுக்கொண்டவை கோவிஷீல்டும் கோவாக்சினும்தானே, அவற்றுக்கும் இது பொருந்துமா என்பது நியாயமான கேள்வி. கோவிஷீல்டும் ஆஸ்ட்ராஜெனகாவின் ஊசியும் ஒன்றே. பிரிட்டன், பிரேசில், தென்னாப்பிரிக்கா நாடுகளில் நடந்த அதன் சோதனைகளில் பங்கேற்ற பெண்களில் சிலர் இடையில் கருவுற்றனர்; கோவிட் ஊசி பெற்றவர்களுக்கும் ஒப்பீட்டு ஊசி பெற்றவர்களுக்கும் இடையே, கருத்தரிப்பதிலோ கருச்சிதைவிலோ பாதகமான வேறுபாடு காணப்படவில்லை. கோவாக்சினில் இருப்பது செயலிழக்கச் செய்யப்பட்ட வைரஸ், அது உடலுக்குள் பெருகாது. கோவிஷீல்டால் மிக அரிதாக ரத்தம் உறையும் பாதிப்பு ஏற்பட்டது உண்மை. ஆனால் அது ஊசி போட்ட சில வாரங்களுக்குள் தெரிந்துவிடும், ஆண்டுகள் கழித்துக் கருவைக் கலைக்காது.

கர்ப்பத்துக்கு உண்மையில் தீங்கு செய்தது நோய்தான். ஸ்காட்லாந்தில் 2020 டிசம்பர் முதல் 2021 அக்டோபர் வரையிலான கர்ப்பங்களை ஆராய்ந்தபோது, தொற்று உறுதியான 28 நாட்களுக்குள் நிகழ்ந்த ஆயிரம் பிறப்புகளுக்கு 22.6 சிசுக்கள் வயிற்றிலோ பிறந்த ஒரு மாதத்துக்குள்ளோ இறந்திருந்தன. வழக்கமான அளவு 5.6. இறந்த குழந்தைகளின் தாய்மார் அனைவரும் தொற்று வந்தபோது தடுப்பூசி போடாதவர்கள். தீவிர சிகிச்சைக்குச் சென்ற கர்ப்பிணிகளிலும் 98 சதவீதம் பேர் அப்படிப்பட்டவர்களே. ஊசி போட்ட கர்ப்பிணிகள் குறைவாக இருந்த காலம் அது என்பதால், அந்த 98ஐ வைத்து மட்டும் ஊசியின் பலனை அளந்துவிடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். வகுஎண்ணைப் பற்றி மேலே சொன்னது எனக்கும் பொருந்தும். சிலருக்கு வைரஸ் நஞ்சுக்கொடியையே அழற்சிக்குள்ளாக்கி, குழந்தைக்குப் போகும் ஆக்சிஜனைத் தடுத்துவிடுகிறது. அப்படிச் சேதமடைந்து கல் போல இறுகிய நஞ்சுக்கொடியைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களால் அதை மறக்க முடியாது.

நம் நாட்டில் கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி போட அனுமதி கிடைத்தது 2021 ஜூலை 2இல், இரண்டாம் அலை உச்சம் கடந்த பிறகு. ஏப்ரலிலும் மே மாதத்திலும் ஏழாம் மாதம், எட்டாம் மாதம் என்று மூச்சுத்திணறலோடு வந்த பெண்களுக்கு முன்கூட்டியே போட்டிருக்க எங்களிடம் ஊசி இல்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அந்தப் பெண்ணுக்குத் தைராய்டு, சர்க்கரை, கர்ப்பப்பையின் அமைப்பு ஆகியவற்றோடு, ரத்தம் உறைவதைத் தூண்டும் ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருட்களுக்கான பரிசோதனையும் செய்தோம். கடைசியாகச் சொன்னது பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. அதை உறுதி செய்யப் பன்னிரண்டு வாரங்கள் கழித்து மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். உறுதியானால், அடுத்த கர்ப்பத்தில் ஆஸ்பிரின் மாத்திரையும் ஹெப்பரின் ஊசியும் கொடுத்துக் கருவைத் தக்கவைக்க நல்ல வாய்ப்பிருக்கிறது. அன்று வரும்போது மாமியாரையும் அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன்.