குடல் கூப்பிடும் நேரம்

ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலைக்குப் போகும் என் சித்தி காலை நாலரைக்கே எழுந்துவிடுவார். சமையல், டிபன் பாக்ஸ், பிள்ளைகளைக் கிளப்புவது என்று ஓடி, ஆறரைக்கு வேனைப் பிடிக்க வேண்டும். நடுவில் வயிறு கூப்பிட்டால், 'அப்புறம் போய்க்கலாம்' என்று அடக்கிக்கொண்டு ஏறிவிடுவார். வேலை நடுவே எழுந்து போக வேண்டுமே என்று தண்ணீரும் குடிப்பதில்லை. கேட்டால், "மூணு நாளாச்சுப்பா, வயிறு கல்லு மாதிரி கிடக்கு" என்பார்.

மலச்சிக்கல் என்கிற அந்தக் கல் எப்படி உருவாகிறது? ஒரு நாளில் நம் குடலுக்குள் ஏறக்குறைய 9 லிட்டர் திரவம் வந்து சேர்கிறது. நாம் குடிப்பது அதில் 2 லிட்டர்தான். மீதியெல்லாம் எச்சில், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர், குடலே சுரப்பது. சிறுகுடல் பெரும்பகுதியை உறிஞ்சிவிட, ஒன்றரை லிட்டர் அளவுக்குப் பெருங்குடலுக்குப் போகிறது. அங்கேயும் உறிஞ்சியபின் மலத்தோடு வெளியேறுவது 100, 150 மில்லிதான். மலம் எவ்வளவு நேரம் தங்குகிறதோ, அவ்வளவு நேரமும் பெருங்குடல் நீரை இழுத்துக்கொண்டே இருக்கும். மூன்று நாள் தங்கினால் இறுகாமல் என்ன செய்யும்?

மலக்குடல் நிரம்பி விரியும்போது நரம்புகள் மூளைக்குச் சேதி சொல்கின்றன. ஆசனவாயின் உள்வளையத் தசை தானாகவே தளர்ந்துவிடும். வெளிவளையத் தசை மட்டும் நம் சொல்லுக்குக் கட்டுப்பட்டது. அதை இறுக்கிப் பிடித்தால் சற்று நேரத்தில் அந்த உணர்வு அடங்கிப்போகும். இதையே மாதக்கணக்கில் செய்தால் மலக்குடல் விரிந்தே பழகி, சேதியும் மங்கிவிடுகிறது. பள்ளிக் கழிவறைக்குப் பயந்து அடக்கும் குழந்தைகளுக்கும் இதே கதிதான். எனக்கு அதுதான் அதிகம் வலிக்கிறது.

சாப்பாடு இரைப்பையில் இறங்கியதும் பெருங்குடல் அசையத் தொடங்கும். காலையில் இந்த அசைவு நன்றாகவே இருக்கும். அதனால் ஏதாவது சாப்பிட்டு, பத்து நிமிடம் நிதானமாக உட்காருவது நல்லது. குத்தவைத்து உட்கார்ந்தால் மலக்குடலை வளைத்துப் பிடித்திருக்கும் தசை தளர்ந்து பாதை நேராகும். வெஸ்டர்ன் கழிவறை என்றால் காலடியில் ஒரு மணை போட்டுக்கொள்ளலாம். முக்கக் கூடாது.

சாப்பாட்டில் நமக்குக் குறையே இல்லை. வட ஆற்காட்டுக்காரர்களுக்குக் களி புதிதா என்ன? 100 கிராம் கேழ்வரகில் நார்ச்சத்து சுமார் 11 கிராம். தீட்டிய பச்சரிசியில் 3 கிராம்கூடத் தேறாது. களியோடு கீரைக் குழம்பு, அப்புறம் ஒரு கொய்யா. ஆனால் நார் வேலை செய்ய நீர் வேண்டும். கத்திரி வெயிலில் வேலூர்ப் பக்கம் வியர்வையிலேயே எவ்வளவு போகிறது! அந்தக் கணக்கையும் சேர்த்துக் குடியுங்கள்.

தினமும் போயே தீர வேண்டும் என்பதில்லை. வாரத்துக்கு மூன்று முறை, சிரமமில்லாமல் போனால் அது இயல்புதான். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் இறுகலாம். கர்ப்பிணிகள் மாத்திரையைத் தாங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் உடம்பு இளைப்பது, ஐம்பது வயதுக்குமேல் திடீரென்று தொடங்கும் மலச்சிக்கல், இவற்றில் எது இருந்தாலும் மூலம்தான் என்று நீங்களே முடிவுகட்டாதீர்கள். வெட்கப்படாமல் போய்க் காட்டிவிடுங்கள்.