பயோரெமிடியேஷன்: உயிர்வழி மாசுநீக்கம்

நச்சுக் கரைப்பான் கலந்த நிலத்தடி நீரை நுண்ணுயிர்களைக் கொண்டு தூய்மையாக்கும் முறையை ‘உயிரி நிவாரணம்’ என்று எழுதுவது கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. மூலச்சொல்லில் ‘பயோ’ கிரேக்கம், உயிர்; ‘ரெமேடியம்’ இலத்தீன், மருந்து அல்லது பரிகாரம். அகராதியில் முதலில் கண்ட பொருளை மொழிபெயர்ப்பாளர் எடுத்துக்கொண்டார். தமிழில் இன்று நிவாரணம் என்றால் வெள்ளத்துக்கும் புயலுக்கும் பின் தரப்படும் அரிசியும் பணமும் என்பதை எண்ணவில்லை. ‘கரைப்பான் மாசுக்கு நிவாரணம்’ என்று படிப்பவர், ஆலை யாருக்கோ இழப்பீடு கொடுத்தது என்றே கொள்வார்.

இதைவிடக் கேடானது ‘உயிரிச் சிதைவு’ என்னும் மற்றொரு பெயர்ப்பு. உலர்சலவைக்கும் உலோகத்தின் எண்ணெய்ப்பிசுக்கை நீக்கவும் பயன்படும் டெட்ராகுளோரோஎத்திலீனில் நான்கு குளோரின் அணுக்கள் உள்ளன. ஆக்சிசன் அற்ற மண்ணடுக்கில் பாக்டீரியா அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி, அவ்விடத்தில் ஹைட்ரஜனை வைக்கிறது. ஒரே ஒரு குளோரின் எஞ்சும் நிலையில் கிடைப்பது வினைல் குளோரைடு. அது மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியானது. அமெரிக்கக் குடிநீரில் டெட்ராகுளோரோஎத்திலீனுக்கு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம் வரை இடமுண்டு, வினைல் குளோரைடுக்கு 2 மட்டுமே. சிதைவு நடந்திருக்கிறது, நீரோ முன்னிலும் நஞ்சாகியிருக்கிறது! கடைசிக் குளோரினையும் நீக்கி, நஞ்சற்ற எத்திலீனாக்கும் டிஹாலோகாக்காய்டிஸ் என்னும் பாக்டீரியா 1997இல்தான் விவரிக்கப்பட்டது. டெக்சாஸின் கெல்லி விமானப்படைத் தளத்தில் மண்ணின் சொந்த நுண்ணுயிர்கள் இரு குளோரின் எஞ்சும் டைகுளோரோஎத்திலீனோடு நின்றுவிட, டிஹாலோகாக்காய்டிஸ் அடங்கிய கலவையை வெளியிலிருந்து செலுத்திய பின்னரே வினை எத்திலீன்வரை சென்றது. சிதைவு வேறு, தூய்மை வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆகவே செயலின் நோக்கத்தைச் சொல்லும் ‘மாசுநீக்கம்’ என்பதே தகும். ஆனால் ‘உயிரி மாசுநீக்கம்’ என்று தொகுத்தால் உயிரியால் நீக்குவதா, உயிரியாகிய மாசை நீக்குவதா என்ற ஐயம் எழும். தொகையில் வேற்றுமை உருபு மறைந்திருப்பதன் விளைவு அது. ‘உயிர்வழி மாசுநீக்கம்’ என்பதில் அந்த ஐயம் இல்லை. மண்ணில் ஏற்கெனவே உள்ள நுண்ணுயிர்களுக்கு லாக்டேட் (பாலமில உப்பு), தாவர எண்ணெய் போன்றவற்றை உணவாகத் தருவதை ‘நுண்ணுயிர் ஊட்டல்’ என்றும், கெல்லியில் செய்தது போல வெளியிலிருந்து சேர்ப்பதை ‘நுண்ணுயிர் செலுத்தல்’ என்றும் இதன் கீழ் இரு வகையாக வழங்கலாம்.