சொல் விளக்கம்: கப்பல் உலா

துறைமுகம் துறைமுகமாக நின்று சுற்றிப் பார்த்துத் திரும்பும் கப்பல் பயணத்துக்கு ஆங்கிலத்தில் குரூஸ் என்று பெயர். அந்தச் சொல் வந்துவிட்டால் போதும், நம் செய்தித்தாள்களும் பயண விளம்பரங்களும் கண்ணை மூடிக்கொண்டு ‘சொகுசுக் கப்பல்’ என்று எழுதிவிடுகின்றன. 2023 ஜூனில் சென்னையிலிருந்து இலங்கைத் துறைமுகங்களுக்குக் கப்பல் விட்டபோதும் அதே சொல்தான். ‘கப்பல் உலா’, ‘உலாக்கப்பல்’ என்ற நல்ல சொற்கள் இருந்தும் யாரும் சீந்துவதில்லை.

குரூஸ் என்ற சொல்லின் வேர் டச்சு மொழியில் இருக்கிறது. குறுக்கே கடப்பதைக் குறிக்கும் வினை அது. அதற்கும் அடியில் சிலுவையைக் குறிக்கும் இலத்தீன் சொல். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. முதலில் அது போர்க்கப்பலின் வேலை: எதிரியின் வணிகக் கப்பலைத் தேடிக் கடலில் குறுக்கும் நெடுக்குமாக அலைவது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னை மீது குண்டு வீசிய ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் அந்த வகைதான், குரூசர். உல்லாசப் பயணம் என்ற பொருள் பிறகு வந்தது. குளிர்காலத்தில் அட்லாண்டிக் தடத்தில் ஆள் குறைவு என்பதால், ஹாம்பர்க்-அமெரிக்கா என்ற ஜெர்மன் கப்பல் நிறுவனம் 1891இல் ‘ஆகஸ்டா விக்டோரியா’ கப்பலை மத்தியதரைக் கடலைச் சுற்றிவர அனுப்பியது. இதற்கென்றே கட்டிய கப்பல் 1900இல் கடலில் இறங்கியது.

இந்த வரலாறு முழுக்க அந்தச் சொல் குறிப்பது கப்பல் போகும் விதத்தை. கப்பலுக்குள் மெத்தை எவ்வளவு மெதுமெதுப்பு என்பதை அல்ல.

டைட்டானிக்கை எடுத்துக்கொள்வோம். அதையும் ‘சொகுசுக் கப்பல்’ என்றுதான் எழுதுகிறோம். ஆனால் அது உலாக்கப்பலே இல்லை. சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க்குக்கு ஆளையும் தபாலையும் கொண்டுபோய்ச் சேர்க்கும் தடக்கப்பல். அதன் மூன்றாம் வகுப்பில் பிழைப்புத் தேடி அமெரிக்கா கிளம்பிய ஏழைக் குடும்பங்கள் இருந்தன. அவர்களுக்குப் பயணம் அல்ல, போய்ச் சேர்வதே முக்கியம். மறுபக்கம், இன்றைய உலாக்கப்பலில் சன்னலே இல்லாத உள்ளறையில் படுத்து, வரிசையில் நின்று தட்டேந்திச் சாப்பிடுகிறவர்கள் ஏராளம். முன்னதும் சொகுசுக் கப்பல், பின்னதும் சொகுசுக் கப்பல் என்றால் படிப்பவருக்கு என்னதான் விளங்கும்? சொகுசு என்பது தரம். அதை வகைக்குப் பெயராக வைத்ததுதான் தவறு.

ஏதென்சின் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து கிளம்பும் கிரேக்கத் தீவுப் பயணம் ஒன்றைப் பாருங்கள். சாண்டோரினித் தீவில் பெரிய கப்பல் கரையை நெருங்குவதில்லை. எரிமலை வாய்க்குள் கடல் புகுந்த அந்த ஆழத்தில் நிற்கும். சிறு படகுகள் ஆட்களைச் செங்குத்துப் பாறையின் அடியில் இறக்கிவிடும். அங்கிருந்து ஃபிரா ஊருக்கு ஏற கம்பிவடத் தொட்டி உண்டு, கோவேறு கழுதை உண்டு, இரண்டும் வேண்டாம் என்றால் படிக்கட்டு. சுற்றிப் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு எல்லாரும் கப்பலுக்குத் திரும்பிவிடுவார்கள். பிறகு ரோட்ஸ், இன்னும் ஒரு தீவு, கடைசியில் மறுபடி பிரேயஸ்.

சுவாமி புறப்பாடு இப்படித்தானே? நிலையை விட்டுக் கிளம்பி, மண்டகப்படிக்கு மண்டகப்படி நின்று, மறுபடி நிலைக்கு வந்து சேர்வது. அதற்கு நம் மக்கள் வைத்திருக்கும் பெயர் வீதி உலா. கிளம்புவது, நிற்பது, திரும்புவது மூன்றும் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கின்றன.

உலா என்றால் மாலையில் காலாற நடப்பதுதானே, ஏழு நாள் கடற்பயணத்துக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கிறார்கள். அரசன் நகரை வலம் வருவதைப் பாட ஒரு சிற்றிலக்கிய வகைக்கே உலா என்று பெயர் வைத்த மொழி இது. சொல் சிறிதாகிவிட்டது என்றால் நாம் சிறிதாகப் பயன்படுத்தினோம் என்று பொருள். பருவம் மாறும்போது கரீபியனிலிருந்து மத்தியதரைக் கடலுக்கு ஒருவழியாகப் போகும் கப்பல்களுக்கு மட்டும் இது கொஞ்சம் இடறும், ஒப்புக்கொள்கிறேன். அங்கும் ‘சொகுசு’ அதைவிடப் பொருத்தமாகிவிடாது.

ஆனால் குரூஸ் ஏவுகணைக்கு உலாவைக் கொண்டுபோய் ஒட்டக் கூடாது. அங்கே பொருள் ஒரே சீரான வேகம். ‘சீர்வேக ஏவுகணை’ சரியான சொல். ஆங்கிலத்தில் ஒரு சொல் என்பதால் தமிழிலும் ஒன்றே இருக்க வேண்டும் என்று சட்டமில்லை.

மொழிபெயர்ப்பாளர்கள் பொருளைப் பார்ப்பதில்லை, எழுத்தைப் பார்க்கிறார்கள். வழியில் கப்பல் நின்றுபோகும் ஊர் ஆங்கிலத்தில் ‘போர்ட் ஆஃப் கால்’, அதை ‘அழைப்புத் துறைமுகம்’ என்கிறார்கள். யாரும் யாரையும் அழைக்கவில்லை, ‘இடைத்துறை’ போதும். ஒரு விளம்பரத்தில் ‘ஃபுல் போர்டு’ என்பது ‘முழுப் பலகை’ என்று இருந்தது. மூன்று வேளைச் சாப்பாடும் கட்டணத்தில் சேர்ந்தது என்பதற்குத்தான் இந்தப் பாடு! ‘சாப்பாடு உட்பட’ என்றால் யாருக்குப் புரியாது? 2024இல் ஓடத் தொடங்கிய ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ கப்பலின் ‘எடை 2.5 லட்சம் டன்’ என்று எழுதியதும் இதே ரகம். அந்த எண் எடையே அல்ல, கப்பலின் மூடிய இடங்களின் கொள்ளளவிலிருந்து கணக்கிடுவது. ‘மொத்தக் கொள்ளளவு’ என்று எழுதுங்கள்.