முதல் பரிசோதனை கணவருக்கு

துணிப்பையிலிருந்து அந்தப் பெண் எடுத்து மேசைமேல் அடுக்கிய காகிதங்களில் எல்லாமே இருந்தன. கருக்குழாய் எக்ஸ்ரே, மாதாமாதம் எடுத்த ஃபாலிக்கிள் ஸ்கேன்கள், தைராய்டு, ப்ரோலாக்டின், ஏ.எம்.ஹெச்., லேப்ராஸ்கோபி செய்த டிஸ்சார்ஜ் சம்மரி. அத்தனையும் அவர் பெயரில். கணவர் பெயரில் ஒரு தாள்கூட இல்லை. கேட்டதற்குக் கூட வந்திருந்த மாமியார்தான் பதில் சொன்னார்: "அவனுக்கு ஒண்ணும் இல்லைங்க டாக்டர், நல்லாத்தான் இருக்கான்." கடைசியில் சோதித்துப் பார்த்தால், அவர் விந்தில் அணுவே இல்லை. லேப்ராஸ்கோபிக்கு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

இது ஒரு வீட்டுக் கதை என்றால் எழுதவே மாட்டேன். குழந்தை தாமதமாகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கம் ஏதாவது காரணம் இருக்கிறது, தனியாகவோ பெண் பக்கக் காரணத்தோடு சேர்ந்தோ. ஆனால் "விசேஷம் எதுவும் இல்லையா?" என்ற கேள்வி மட்டும் பெண்ணைப் பார்த்தே கேட்கப்படுகிறது. மாத்திரையும் ஊசியும் அவளுக்கே. அணு பரிசோதனை செய்யாமல் மாதக்கணக்கில் முட்டை வளர மருந்து எழுதும் என் சக மருத்துவர்களையும் சேர்த்தேதான் சொல்கிறேன்.

"நல்லாத்தான் இருக்கான்" என்பதற்கு என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். தாம்பத்தியத்தில் குறையில்லை என்பதுதான். அதற்கும் விந்தணுவுக்கும் சம்பந்தமில்லை. ஆண்மைக்கான ஹார்மோனைச் சுரப்பவை விதையில் ஒரு வகை செல்கள். அணு உருவாவது வேறு இடத்தில், மெல்லிய குழல்களுக்குள். ஒன்று நன்றாக இருக்கும்போதே இன்னொன்று முழுதாக நின்றுபோயிருக்கலாம். "கெட்டியாத்தான் வருது டாக்டர்" என்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன். விந்தில் மிகப் பெரும்பகுதி வெறும் திரவம். விந்துப் பையிலும் ப்ராஸ்டேட்டிலும் சுரப்பது. அதில் அணுவின் பங்கு மிகச் சிறிது. குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்ட ஆணுக்கும் அளவு குறைந்ததாகத் தெரியாது. ஆகவே நிறம், கெட்டித்தன்மை, அளவு எதையும் கண்ணால் பார்த்துக் கவுண்ட், அதாவது அணு எண்ணிக்கை, சொல்ல முடியாது. மைக்ராஸ்கோப்பில்தான் தெரியும். மூத்த குழந்தை இருக்கிறதே என்பதும் சான்று இல்லை. இடையில் வந்த ஒரு நோயோ மருந்தோ போதும்.

குறை தெரிந்தால் வழி அடைபட்டுவிடுவதில்லை. வெரிகோசில் (விதைப்பை ரத்தக்குழாய் வீக்கம்), ஹார்மோன் குறைபாடு, தொற்று போன்றவற்றுக்குச் சிகிச்சை உண்டு. அடைப்பினால் அணு வெளியே வராதவருக்கு விதையிலிருந்தே ஊசியால் எடுத்து இக்ஸி செய்கிறோம், அதாவது ஓர் அணுவை நேராக முட்டைக்குள் செலுத்துகிறோம். இன்னும் சிலருக்குச் சில பழக்கங்களை விட்டாலே போதும்: சிகரெட், ஹான்ஸ் புகையிலை, குடி. ஜிம்மில் தசைக்காகப் போடும் டெஸ்டோஸ்டிரோன் ஊசியைத் தனியாகச் சொல்ல வேண்டும். அது ஆண்மையைக் கூட்டும் என்று நினைத்துப் போட்டுக்கொள்கிறார்கள்; உள்ளே அணு உற்பத்தியை அது நிறுத்திவிடுகிறது. நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பும், ஆனால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அடுப்படியிலும் பேக்கரியிலும் நாளெல்லாம் சூட்டில் நிற்பவர்கள், ஓயாமல் லாரி ஓட்டுபவர்கள் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஓர் அணு உருவாகி வெளிவர ஏறக்குறைய 3 மாதம் ஆகும். இன்றைக்கு விட்ட பழக்கத்தின் பலன் அதற்குப் பிறகுதான் தெரியும். போன மாதம் வந்த கடுமையான காய்ச்சலும் இந்த மாதக் கவுண்ட்டைக் குறைக்கும்.

அப்புறம், நாள் கணக்கு. "14ஆம் நாள்" என்பது 28 நாளுக்கு ஒருமுறை மாதவிலக்கு வருபவருக்கு. முட்டை வெளிவருவது அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் 14 நாள் முன்னால். 35 நாள் சுழற்சி என்றால் 21ஆம் நாளை ஒட்டி வரும். உதிரம் பட்ட முதல் நாளிலிருந்து எண்ணுங்கள், தலைக்குக் குளித்த நாளிலிருந்து அல்ல. முட்டைக்கு ஆயுள் ஒரு நாள்கூட இல்லை. அணு உள்ளே 5 நாள் வரை உயிரோடிருக்கும். அதனால் முட்டை வெளிவருவதற்கு முந்தைய நாட்கள்தான் முக்கியம். அந்த வாரத்தில் தினமுமோ ஒருநாள் விட்டு ஒருநாளோ சேர்ந்திருந்தால் போதும். "சேர்த்து வைக்கிறேன்" என்று வாரக்கணக்கில் விலகியிருப்பவர்களின் அணுவுக்கு ஓட்டம் குறைகிறது. சேர்ந்த பிறகு காலைத் தூக்கிச் சுவரில் வைத்துப் படுக்க வேண்டாம்.

துபாயிலோ கத்தாரிலோ இருந்து வருடத்துக்கு ஒரு மாதம் லீவில் வருபவர்களின் வீட்டாருக்கு: கல்யாணமாகி 3 வருடம் என்று கணக்குச் சொல்லாதீர்கள். சேர்ந்து வாழ்ந்த மாதங்களைச் சொல்லுங்கள். லீவு தேதியை அவர் மனைவியின் சுழற்சியைப் பார்த்துப் போடட்டும். அந்த மருமகளைக் கோயில் கோயிலாக அலைய வைத்துக் குற்றம் சொல்லாதீர்கள், தயவுசெய்து.

பெண்கள் செய்ய வேண்டியது அநேகமாக எல்லோருக்கும் தெரிந்ததே. ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம், கருத்தரிக்கும் முன்பே தொடங்குங்கள். தைராய்டு, சர்க்கரை பாருங்கள். ரூபெல்லா ஊசி போட்டால் ஒரு மாதம் கழித்து முயலுங்கள். நீர்க்கட்டியும் கூடுதல் எடையும் இருந்தால் கொஞ்சம் எடை குறைந்தாலே பலருக்கு மாதவிலக்கு சீராகும்.

35 வயதுக்குள் என்றால் ஒரு வருடம் முயன்றுவிட்டு வாருங்கள். தாண்டிவிட்டால் 6 மாதம். 40 என்றால் உடனே. வருவது இருவருமாக.

கணவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆஸ்பத்திரியில் அந்தச் சின்ன அறை எவ்வளவு சங்கடம் என்று எனக்குப் புரிகிறது. வீட்டிலேயே எடுத்து வரலாம், லேபில் கேளுங்கள். கடைசியாக விந்து வெளியான நாளிலிருந்து 2 முதல் 7 நாள் இடைவெளி இருக்கட்டும். லேபில் கொடுத்த டப்பாவில்தான் பிடிக்க வேண்டும்; ஆணுறை, சோப்பு, எண்ணெய் கூடாது. சட்டைக்குள் உடம்புச் சூட்டில் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். முதலில் வரும் சொட்டுகளில்தான் அணு அதிகம். அது சிந்திவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். முதல் ரிப்போர்ட் சரியில்லை என்றால் சில வாரம் கழித்து இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் நான் எதையும் முடிவு செய்வேன்.