பாட்டு வருகிறது, பேச்சு ஏன் வரவில்லை?

பக்கவாதத்துக்குப் பின் பேச்சை இழந்தவர்களின் குடும்பத்தினர் என்னிடம் கேட்கும் கேள்விகளுள் ஒன்று மட்டும் எப்போதும் லேசான கோபத்தோடு வரும். "சாமி பாட்டை முழுசாப் பாடுறார். ஒரு வாய் தண்ணி வேணும்னு மட்டும் கேட்க மாட்டேங்கிறார். வேணும்னே பண்றாரா?" பேச்சுப் பயிற்சியாளராக இத்தனை ஆண்டுகளில் இதை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் ஒருவரின் மனைவி, ஆதாரம் காட்டுவதைப்போலக் கைபேசியை என் மேசையில் வைத்து ஒரு காணொளியை ஓட்டினார். அதில் அவர் கணவர் பழைய பக்திப் பாடல் ஒன்றைப் பல்லவி முதல் கடைசிச் சரணம் வரை பிசகாமல் பாடிக்கொண்டிருந்தார். காணொளி முடிந்ததும் நான் கணவரிடம் அவர் பெயரைக் கேட்டேன். உதடு பிரிந்தது, நெற்றி வியர்த்தது, "அது... அது..." என்பதற்கு மேல் எதுவும் வரவில்லை.

இப்படி வருபவர்களுக்கு நான், அமெரிக்கக் கிராமப்புறங்களில் பிறந்த கன்ட்ரி இசையின் பாடகர் ராண்டி டிராவிஸைப் பற்றிச் சொல்வது வழக்கம். அந்த இசையை அவர்கள் கேட்டிருக்க வேண்டிய அவசியமில்லை. குரலையும் சொல்லையும் வைத்தே வாழ்ந்த ஒருவருக்கு இதே நோய் வந்தபோது எது திரும்பியது, எது திரும்பவில்லை என்பதை உலகமே மேடையில் பார்த்தது என்பதுதான் காரணம்.

டிராவிஸ் 1959-இல் வட கரோலினா மாநிலத்தின் மார்ஷ்வில் என்ற சிற்றூரில் பிறந்தவர். பதின்ம வயதில் குடியும் வழக்குகளுமாகச் சிறைவாசல் வரை போனவரை, சார்லட் நகரில் அவர் பாடிவந்த விடுதியின் உரிமையாளர் லிப் ஹாட்சர் பொறுப்பேற்று மீட்டார். 1980-களின் தொடக்கத்தில் இருவரும் நாஷ்வில் நகருக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே 'நாஷ்வில் பேலஸ்' என்ற விடுதியில் டிராவிஸ் சமையல் செய்தார், பாத்திரம் கழுவினார், இடையில் மேடையேறிப் பாடிவிட்டு மறுபடி அடுப்படிக்குப் போனார். கன்ட்ரி இசை பாப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்த காலம் அது. அவருடைய குரல் மிகவும் பழைய கன்ட்ரியாக இருக்கிறது என்று சொல்லி இசைத்தட்டு நிறுவனங்கள் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தன. 1985-இல் வார்னர் நிறுவனம் ஒப்பந்தம் போட்டது. 1986-இல் வந்த முதல் தொகுப்பு 'ஸ்டார்ம்ஸ் ஆஃப் லைஃப்' அமெரிக்காவில் மட்டும் 30 லட்சம் பிரதிகளைக் கடந்தது. நிராகரிக்கப்பட்ட அதே பழைய குரல்தான் அதன்பின் ஒரு தலைமுறைக் கன்ட்ரி பாடகர்களுக்கு வழி திறந்தது.

அவருடைய புகழ்பெற்ற பாடல்களில் பல பிறர் எழுதியவை என்றாலும், அவரும் நல்ல பாடலாசிரியர். விடுதியில் வேலை பார்த்த காலத்திலேயே அவர் எழுதிப் பாடிவந்த 'ஐ டோல்ட் யூ சோ' 1988-இல் கன்ட்ரி பட்டியலின் முதலிடத்தை எட்டியது. 2009-இல் பாடகி கேரி அண்டர்வுட்டுடன் இணைந்து அவர் அதையே மீண்டும் பாடினார். மற்றொரு கன்ட்ரி பாடகரான ஆலன் ஜாக்சனோடு சேர்ந்து எழுதிய பாடல்கள் இருவர் குரலிலும் வெற்றி பெற்றன. பாடுவதும் எழுதுவதும் அவருக்கு இரண்டு தனித் திறமைகளாக இருந்தன என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். இதற்குப் பிறகு வருவதற்கெல்லாம் அதுதான் அடிப்படை.

2013 ஜூலையில், 54 வயதில், வைரஸ் தொற்றால் இதயத்தசை பலவீனமடைந்து டெக்சஸில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். சில நாள்களிலேயே அதன் தொடர்விளைவாகக் கடுமையான பக்கவாதம் தாக்கியது. மூளைக்குள் ஏறிய அழுத்தத்தைக் குறைக்க அறுவைசிகிச்சை செய்யப்பட்டது. பிழைப்பாரா என்பதே சந்தேகமாக இருந்தது. பிழைத்தார். ஆனால் கிடார் மீட்டிய வலக்கை செயலிழந்தது, பேச்சு போனது. இதை அஃபேசியா, அதாவது பேச்சிழப்பு என்கிறோம். பெரும்பாலானவர்களுக்கு மொழியின் இருப்பிடம் மூளையின் இடப்பக்கம். அந்தப் பக்கம் அடிபட்டால் வலக் கைகாலும் மொழியும் பெரும்பாலும் சேர்ந்தே பாதிக்கப்படும். அறிவும் நினைவும் பாசமும் கோபமும் உள்ளே இருக்கும், அவற்றுக்கான சொல்லை எடுத்து வாக்கியமாகக் கோக்கும் வழிதான் அடைபட்டிருக்கும். இத்தகையவரிடம் காது கேளாதவரிடம் பேசுவதுபோலக் கத்துவதும், அவர் எதிரிலேயே அவரைப் பற்றிக் குழந்தையைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவதும் நான் அன்றாடம் பார்க்கும் கொடுமைகள்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 2016 அக்டோபரில், நாஷ்வில்லில் கன்ட்ரி இசையின் புகழ்க்கூடத்தில் அவரைச் சேர்த்துக்கொண்ட விழாவில், டிராவிஸ் 'அமேசிங் கிரேஸ்' என்ற பக்திப் பாடலைப் பாடினார். அரங்கமே அழுதது. ஒரு சில சொற்களுக்கு மேல் பேச முடியாதவர் எப்படிப் பாடினார்? சிறுவயது முதல் பாடி ஊறிய பாட்டு என்பது ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுக்கப்படுவதில்லை. மெட்டும் தாளமும் சொல்லும் ஒரே கயிறாக முறுக்கேறியிருக்கும், நுனியைப் பிடித்தால் மிச்சம் தானாக வரும். எண்ணுவதும் வாய்ப்பாடும் வசவும்கூட அப்படித்தான் (வசவு பிழைத்துக்கொள்வதைக் கண்டு வெட்கப்படும் குடும்பங்களுக்கு நான் சொல்லும் ஆறுதல் இது). மூளையின் வலப்பக்கம் கைகொடுப்பதாலா, தாளத்தாலா, மனப்பாடத்தாலா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. ஆனால் பழைய பாட்டைப் பாடுவதும் புதிய வாக்கியத்தை அமைப்பதும் வெவ்வேறு வேலைகள் என்பதில் ஐயமில்லை. "தண்ணி வேணும்" என்பது நமக்குச் சின்ன விஷயம், அவருக்கோ அந்தக் கணத்தில் புதிதாக இயற்ற வேண்டிய வரி.

டிராவிஸுக்கு நேர்ந்ததும் அதுதான். பாடகர் ஓரளவு திரும்பி வந்தார், பாடலாசிரியர் வரவில்லை. 2024 மே மாதத்தில் அவர் பெயரில் ஒரு புதிய பாடல் வெளியானபோது, ஜேம்ஸ் டூப்ரே என்ற மற்றொரு பாடகர் பாடிய ஒலிப்பதிவின் மீது, டிராவிஸின் பழைய பதிவுகளைக் கொண்டு பயிற்றுவித்த செயற்கை நுண்ணறிவு அவர் குரலை ஏற்றியது. நீண்ட காலமாக அவருடைய தயாரிப்பாளராக இருந்த கைல் லேனிங், டிராவிஸின் சம்மதத்தோடும் மேற்பார்வையோடும் செய்த வேலை என்பதால் எனக்கு அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பாடலின் வரிகள் வேறு இருவர் எழுதியவை. குரலை இயந்திரம் மீட்டுத் தரலாம், சொல்ல நினைப்பதைச் சொல்லாக்குவது அதன் கையில் இல்லை. அதற்குப் பயிற்சி ஒன்றே வழி.

அந்தப் பயிற்சிக்குப் பாட்டும் ஒரு கருவி. 1970-களில் பாஸ்டனில் உருவான ஒரு முறையில், பயன்படும் சிறு தொடரை உயர்ந்தும் தாழ்ந்தும் இரண்டே சுரத்தில் இழுத்துச் சொல்லியபடி நோயாளியின் இடக்கையால் அசைக்கு ஒரு தட்டுத் தட்டச் செய்வோம்: தண்-ணி-வே-ணும், நான்கு தட்டு. சேர்ந்து சொல்வது, பாதியில் நான் நிறுத்திக்கொள்வது, அவர் மட்டும் சொல்வது என்று நகர்ந்து கடைசியில் மெட்டையே உருவிவிடுவோம். வீட்டில் முழுப் பாட்டுகளை மட்டும் பாடவைத்துக் காணொளி எடுத்தால் மனத்துக்கு உற்சாகம் கிடைக்கும், பேச்சு கிடைக்காது. ஆறு மாதத்துக்குப் பிறகு முன்னேற்றமே இருக்காது என்று யாரோ சொன்னதை நம்பிப் பயிற்சியை நிறுத்துகிறவர்கள், டிராவிஸ் அந்த மேடையேறியது நான்காம் ஆண்டில் என்பதை நினைத்துக்கொள்ளலாம். முதல் சில மாதங்களில் வேகம் அதிகம். அதன்பின் மெதுவாகும், நிற்காது.

இன்னொன்று. திடீரென ஒருவருக்கு வாய் குழறினாலோ, சொல் மாறி வந்தாலோ, தூக்கக் கலக்கம் என்று படுக்கவைத்து விடாதீர்கள். உறைந்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்த நேரம் கடந்த பிறகு வருபவர்கள்தான் பின்னாளில் என் அறையை நிரப்புகிறார்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.

டிராவிஸின் பாடல்களைப் பிற்பாடு டூப்ரே ஊர் ஊராகப் பாடினார். டிராவிஸும் மேடையில் இருந்தார். 1987-இல் வந்த புகழ்பெற்ற பாடலான 'ஃபாரெவர் அண்ட் எவர், ஆமென்' என்பதன் கடைசிச் சொல்லான 'ஆமென்' மட்டும் அவருக்கு. அதுவரை பாடியவர் நிறுத்திக்கொள்வார், கூட்டம் காத்திருக்கும், அந்த ஒற்றைச் சொல் அதே அடிக்குரலில் வரும். அந்தக் காத்திருப்பைத்தான் நடத்துநரின் மனைவிக்குக் கற்றுக்கொடுக்க எனக்கு அதிக நாளாயிற்று. கணவர் திணறத் தொடங்கியதும் அன்பினால் அவரே வாக்கியத்தை முடித்துவிடுவார். மனத்துக்குள் பத்து வரை எண்ணிவிட்டு உதவுங்கள் என்றேன். ஐந்தாம் மாதத்தில் ஒருநாள் காலை அந்த அம்மா டம்ளரை நீட்டிவிட்டு எண்ணிக்கொண்டு நின்றிருக்கிறார். ஏழு எண்ணும்போது கணவரின் இடக்கை தொடையில் தட்டத் தொடங்கியிருக்கிறது. வந்த வாக்கியம் நாங்கள் ஒருபோதும் பயிற்சி செய்யாதது: "டிகாக்‌ஷன் கம்மி."