பெட்டியில் வந்த தடாகமும் சுடுதண்ணீர்க் கம்பியும்

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆவணி மாதக் காலையில், கிளிநொச்சியில் ஏ-9 வீதியிலிருந்து சற்று உள்ளே இருக்கும் ஒரு வீட்டுக்கு மின்வேலைக்காக என்னை அழைத்திருந்தார்கள். ட்ரிப் சுவிட்ச் ஓயாமல் விழுகிறது என்பதே முறைப்பாடு. வளவின் நடுவே, லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த குடும்பம் கொண்டுவந்த நீலநிறத் தடாகம் ஒன்று இரும்புக் குழாய்ச் சட்டத்தில் நின்றது. அதன் குறுக்கே போட்டிருந்த தடியொன்றில், வாளித் தண்ணீர் சுடவைக்கும் கம்பிகள் இரண்டு கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிடப்பட்டிருந்தன. "அண்ணை, அந்தச் சுவிட்சைக் கழற்றிப்போட்டு நேர குடுங்கோ, பிள்ளையள் காலமையிலை குளிரெண்டு நிக்கிதுகள்" என்று வீட்டுக்காரர் சொன்னபோது, ஆறு வயது மதிக்கத்தக்க பிள்ளையொன்று தடாகத்தின் ஏணியில் ஒரு காலை வைத்தபடி எங்கள் பேச்சு முடியும்வரை காத்துக்கொண்டிருந்தது.

கம்பிகளைப் பிடுங்கிவிட்டுத் தண்ணீரின் வெப்பநிலையை அளந்தேன். 28 பாகை செல்சியஸ். இங்கிலாந்தில் வீட்டுத் தடாகத்துக்குச் சூடாக்கி பூட்டுபவர்கள் எட்ட முயல்வதே ஏறக்குறைய இந்த அளவைத்தான். அங்கே ஆடி மாதத்திலும் சூடாக்காத தோட்டத் தடாகத்தில் தண்ணீர் பெரும்பாலும் 20 பாகையை ஒட்டியே நிற்கும். அந்த ஊரின் பழக்கம் பெட்டியோடு சேர்ந்து நம்முடைய வளவுக்கும் வந்துவிட்டது. பிள்ளைகளுக்குக் குளிர்ந்தது உண்மைதான், ஆனால் குளிர வைத்தது தண்ணீரன்று, சோளகக் காற்று. நனைந்த உடம்போடு வெளியே வந்து காற்றில் நின்றால், தண்ணீர் எவ்வளவு இளஞ்சூடாக இருந்தாலும் நடுக்கம் வரும். ஒரு துவாயும், காற்றுவரும் பக்கத்தில் கட்டிய ஒரு கிடுகுத் தட்டியும் போதுமாக இருந்த இடத்தில், உயிரைப் பணயம் வைத்து ஒரு வேலை நடந்துகொண்டிருந்தது.

அந்தக் கம்பிகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நம்முடைய கிணற்றுத் தண்ணீரில் கல்சியம் அதிகம் என்பது கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படிவைக் கழுவும் எல்லோருக்கும் தெரியும். அதே படிவு சுடுதண்ணீர்க் கம்பியின் மேலும் படிந்து, வெப்பம் தண்ணீருக்குப் போகாமல் தடுக்க, உள்ளே இருக்கும் சுருள் அளவுக்கு மீறிச் சூடாகி, நாளடைவில் வெளியுறை வெடித்து மின்சாரம் தண்ணீருக்குக் கசியத் தொடங்குகிறது. ட்ரிப் சுவிட்ச் விழுந்தது இந்தக் கசிவினால்தான். வீடுகளில் பூட்டப்படும் 30 மில்லி அம்பியர் சுவிட்ச், உள்ளே போகும் மின்னோட்டத்துக்கும் திரும்பி வரும் மின்னோட்டத்துக்கும் அந்த அளவு வேறுபாடு வந்தவுடன் இணைப்பைத் துண்டிக்கிறது. நனைந்த உடம்பின் ஊடாக அதைவிடச் சற்றுக் கூடுதலாகப் பாய்ந்தாலே இதயத் துடிப்பு குழம்பிவிடலாம். சுவிட்ச் அன்று பழுதடைந்திருக்கவில்லை, அந்த வீட்டில் தன் கடமையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது அது ஒன்றுதான். என்னுடைய தொழிலில் நான் மிகவும் பயப்படும் வேண்டுகோள் "அதைக் கழற்றிவிடுங்கள்" என்பதே. நான் மறுத்தால் செய்துகொடுக்க வேறொருவர் வருவார் என்பதையும் அறிந்தே இதை எழுதுகிறேன்.

இனி, சூடாக்குவதன் கணக்கு. சந்தையில் அதிகம் விற்பனையாகும் மலிவான அளவொன்று 3.66 மீற்றர் விட்டமும் 76 சென்ரிமீற்றர் உயரமும் கொண்டது. அதற்கு ஏறக்குறைய 6,500 லீற்றர் தண்ணீர் பிடிக்கும். 1,000 லீற்றரை ஒரு பாகை உயர்த்த 1.16 அலகு மின்சாரம் வேண்டும். ஆகவே இந்தத் தடாகத்தை ஐந்து பாகை உயர்த்த ஏறத்தாழ 38 அலகு செலவாகும். 3 கிலோவாற் சூடாக்கி 12 மணித்தியாலத்துக்கு மேல் இடைவிடாமல் எரிய வேண்டும். மாதம் 90 அலகுக்குள் வாழும் ஒரு வீட்டுக்கு இது 12, 13 நாட்களின் பாவனை. மின்கட்டணம் படிப்படியாக ஏறும் நம்முடைய நாட்டில், 180 அலகைத் தாண்டியபின் வரும் ஒவ்வொரு அலகும் உச்ச விலையில் கணக்கிடப்படும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இதைவிடச் சுவையான கணக்கு ஒன்று உண்டு. அந்தத் தடாகத்தின் மேற்பரப்பு 10.5 சதுர மீற்றர். வறண்ட காலத்தில் நம்முடைய பகுதியில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளுக்கு ஐந்து மில்லிமீற்றர் அளவுக்குத் தண்ணீர் ஆவியாவது இயல்பு. அப்படியானால் நாளொன்றுக்கு 50 லீற்றருக்கு மேல் போகிறது. ஒரு லீற்றர் ஆவியாகும்போது தன்னோடு எடுத்துச்செல்லும் வெப்பம் ஏறக்குறைய 0.67 அலகு. ஆக, காற்று ஒரே நாளில் கொண்டுபோவது 35 அலகு, அதாவது நீங்கள் பணம் கொடுத்து ஏற்ற நினைத்த ஐந்து பாகைக்கு ஏறத்தாழ ஈடானது. மறுபுறம், தெளிந்த நாளில் அதே பரப்பின்மேல் விழும் வெயில் 50 அலகுக்குக் குறையாது. வெயில் ஊற்றிக்கொண்டே இருக்கிறது, காற்று அள்ளிக்கொண்டே போகிறது. மலிவான சூடாக்கி என்று ஒன்று உண்டானால் அது இரவில் தடாகத்தை மூடும் விரிப்புத்தான். குமிழ் வைத்த விரிப்பு கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் தண்ணீரோடு ஒட்டிக் கிடக்கும்படி விரித்த தடித்த பொலித்தீனும் ஆவியாதலைப் பெருமளவு தடுக்கும். தண்ணீரும் மிஞ்சும். ஆனால் விரிப்பு கிடக்கும்போது எந்தப் பிள்ளையும் அருகே போகக் கூடாது. அது நிலம்போலத் தெரியும், மிதித்தால் ஆளைச் சுற்றிக்கொண்டு உள்ளே இழுத்துவிடும்.

உண்மையான தேவைக்காகத் தடாகத்துத் தண்ணீரைச் சூடாக்கிக் கொடுத்தது ஒரேயொரு முறைதான். முல்லைத்தீவுப் பக்கத்தில், போரில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்ட ஒருவருக்குத் தண்ணீருக்குள் பயிற்சி செய்யும்படி சொல்லியிருந்தார்கள். அதற்குத் தண்ணீர் 33 பாகையளவில் இருக்க வேண்டும், மார்கழி, தை மாதங்களிலோ 25ஐ ஒட்டியே நிற்கும். தடாகம் சிறியது, மூன்றுக்கு இரண்டு மீற்றர், 3,800 லீற்றர். கறுப்புப் பொலித்தீன் குழாய் 100 மீற்றர்ச் சுருள்கள் மூன்றை வாங்கி, கூரையில் தெற்குப் பக்கமாகச் சரிந்த தகட்டின்மேல் பரப்பி, மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்காமல் பக்கம் பக்கமாக இணைத்தோம். தொடராக இணைத்திருந்தால் சிறிய பம்பி தண்ணீரைத் தள்ள முடியாமல் திணறியிருக்கும். குழாய்கள் மறைக்கும் பரப்பு தடாகத்தின் பரப்பில் பாதிக்குக் குறையக் கூடாது என்பது பொதுக் கணக்கு. வெயில் உள்ள நாளில் மூன்று, நான்கு பாகை ஏறியது, இரவில் விரிப்பு அதைக் காத்தது, நாலைந்து நாளில் வேண்டிய சூடு வந்தது. மழை நாளில் ஒன்றும் கிடைக்கவில்லை. மாலையில் பம்பியை நிறுத்தாவிட்டால் அதே குழாய்கள் இரவு முழுவதும் தண்ணீரைக் குளிரவைக்கும் என்பதால் நேரம்காட்டிச் சுவிட்ச் ஒன்றையும் பூட்டினோம். முக்கியமானது ஒன்று: நின்ற குழாய்க்குள் வெயிலில் கிடந்த தண்ணீர் முதலில் வரும்போது தோலைப் பொசுக்கும் சூட்டில் வரும். இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவருக்கு அது தெரியவே தெரியாது. ஆகையால் வெப்பமானியில் பார்க்காமல் அவரை இறக்குவதில்லை என்பது அந்த வீட்டின் சட்டம்.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்பவர்களிடம், பெட்டியின் விலையைக் கடைசியாகப் பாருங்கள் என்பேன். கனடாவிலிருந்து உறவினர் அனுப்பினால் அதனுடன் வரும் பம்பி 120 வோல்ற்றுக்கு உரியது. நம்முடைய 230 வோல்ற்றில் சொருகினால் அது புகைந்து முடிந்துவிடும். வோல்ற்றைக் குறைக்கும் குறைமாற்றி வைத்து ஓட்டலாம் என்றாலும், செக்கனுக்கு 60 சுழற்சி மின்சாரத்துக்குச் செய்த மோட்டர் நம்முடைய 50 சுழற்சியில் மெதுவாக ஓடிக் கூடுதலாகச் சூடாகும். பூச்செடிப் பக்கத்தில் ஈரத்தில் கிடக்கும் குறைமாற்றியை எண்ணினாலே எனக்கு நித்திரை வராது. இங்கிலாந்திலிருந்து வருபவற்றில் இந்தச் சிக்கல் இல்லை. பழைய பெட்டி அனுப்பப்பட்டால் இன்னொன்றையும் கவனியுங்கள்: 48 அங்குலமும் அதற்கு மேலும் உயரமான, சுற்றிவரப் பட்டி ஓடும் தடாகங்கள் சுமார் 50 இலட்சம் 2025 ஆடியில் அமெரிக்காவில் திரும்ப அழைக்கப்பட்டன. வெளியே தெரியும் அந்தப் பட்டியில் கால்வைத்து ஏறி உள்ளே விழுந்து இறந்த சிறு பிள்ளைகள் ஒன்பது பேர் என்பதே காரணம். ஏணியை எடுத்து வைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது. கிணற்றுக்குக் கட்டுக் கட்டுவதுபோலத் தடாகத்துக்கும் பூட்டக்கூடிய படலையோடு வேலி வேண்டும்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, சொருகியைத் தடாகத்தின் விளிம்பிலிருந்து 3.5 மீற்றருக்கு அப்பால், நிலத்திலிருந்து உயரமாக, மழை படாத இடத்தில் வையுங்கள். நீட்டிப்பு வயரைப் புல்லின்மேல் ஓடவிடாதீர்கள். புவித்தொடுப்புக் (ஏர்த்) கம்பி அடிக்கப்பட்ட மண் ஆவணியில் காய்ந்து கல்லாகிவிடுவதால் மாரியில் நன்றாக இருந்த புவித்தொடுப்பு கோடையில் பயன்படாமல் போகலாம், அதை அளவெடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ட்ரிப் சுவிட்சில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள், பிள்ளைகள் வரும் வாரத்தில் கட்டாயம் அழுத்துங்கள். விழாவிட்டால் தடாகத்தை நிரப்ப வேண்டாம்.

இடம் தெரிவுசெய்வதிலும் பலர் பிழைவிடுகிறார்கள். 6,500 லீற்றர் என்றால் ஆறரைத் தொன் பாரம். நிலம் ஒரு பக்கம் சரிந்திருந்தால் முழுப் பாரமும் அந்தப் பக்கத்துக் கால்களில் விழுந்து சட்டம் விரியும். மண் போட்டு நிரவினால் அந்த மண் இறுகும்வரை பொறுக்க வேண்டும், மேட்டைச் சீவி மட்டம் எடுப்பதே நல்லது. கோரைப்புல் முளைக்கும் நிலமாயின் கிழங்கோடு தோண்டி எடுங்கள். அதன் கூர்முளை நிலத்தில் போட்ட விரிப்பையும் தடாகத்தின் அடியையும் துளைத்துக்கொண்டு வரும். தென்னைக்குக் கீழே வைப்பவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

தண்ணீரைப் பற்றிச் சொல்லும்போது சற்றுக் கடுமையாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. வன்னியில் ஆவணி என்பது கிணறுகள் அடிகாணும் காலம், பல கிராமங்களில் பவுசரில் குடிதண்ணீர் கொடுக்கப்படும் காலம். அயலவரின் வாளி கிணற்றடியில் மண்ணைக் கிண்டும்போது நம்முடைய வளவில் ஆறரைத் தொன் தண்ணீர் மினுங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. சிறிய அளவை வாங்குங்கள், ஒருமுறை நிரப்பிய தண்ணீரைப் பராமரித்து விடுமுறை முடியும்வரை வைத்திருங்கள். அதற்குக் குளோரின் வேண்டும். லீற்றருக்கு இரண்டு மில்லிகிராம் கிடைக்க, 33 வீத வலுவுள்ள புதிய குளோரின் தூளில் 6,500 லீற்றர்த் தடாகத்துக்கு 40 கிராம் போதும். வாளித் தண்ணீருக்குள் தூளைக் கரைத்து, தூளின்மேல் தண்ணீரை ஒருபோதும் ஊற்றாமல், சுண்ணாம்பு அடையவிட்டுத் தெளிந்ததை மட்டும் சேர்க்க வேண்டும். வெயில் குளோரினைச் சில மணித்தியாலங்களிலேயே அழித்துவிடும் என்பதால் பொழுதுபட்ட பின் போடுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் குளோரின் வில்லைகளையும் நம்முடைய தூளையும் ஒரே பாத்திரத்தில் கலக்காதீர்கள், தீப்பற்றி வெடிக்கும். குளோரின் போட்டதும் தண்ணீர் தேநீர் நிறமானால் பயப்பட வேண்டாம், கிணற்றில் இரும்பு இருக்கிறது என்பதே பொருள். அது அடைந்தபின் வடிகட்டியைக் கழுவினால் தெளியும்.

வந்தவர்கள் திரும்பிப் போனபின் தடாகம் அப்படியே கிடக்கும் வளவுகளைப் புரட்டாதியில் பார்க்கிறேன். தண்ணீர் பச்சையாகி, ஐப்பசி மழை அதற்குமேல் விழ, நுளம்பு பெருகுகிறது. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அதற்கு வீட்டுக்காரரே பொறுப்பு, பெட்டி அனுப்பியவர் அல்லர். குளோரின் போடுவதை நிறுத்தி மூன்று நாள் வெயிலில் விட்டபின் அந்தத் தண்ணீரை வாழைக்கும் தென்னைக்கும் திருப்பிவிடலாம். காய்ந்த தடாகத்தை மடித்து, எலி ஏறாத உயரத்தில், பம்பியோடு கட்டிவையுங்கள். கம்பிகள் இரண்டையும் அன்று நான் வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். உறை வெடித்த அந்த இரண்டும் இன்னும் என் கடை மேசையில் கிடக்கின்றன. ட்ரிப் சுவிட்சைக் கழற்றச் சொல்லி வருபவர்களிடம் பேசத் தொடங்குமுன் அவற்றையே முதலில் எடுத்துக் காட்டுவேன்.